எழுத்து முடிந்த பிள்ளை

மார்ச் 9, ஞாயிறு

இன்று வீட்டில் ஒருவரும் ஒரு வேலையும் செய்யவில்லை. நேற்று வந்த கடிதத்தை ஆளுக்காள் வாங்கி வாசித்ததோடு பொழுது போனது. அப்பா கண்ணாடி போடாமல் வாசித்தார், அதாவது வாசிக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டு இருந்தார். அம்மா கொண்டுபோய்ச் சாமிப்படத்தடியில் வைத்தார். பிறகு விபூதி பட்டுவிட்டது என்று பதறிப்போய்ச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

கல்வியியற் கல்லூரி. ஆரம்பக் கல்வி. நேர்முகப் பரீட்சைக்கு ஏப்ரல் மூன்றாம் திகதி வரட்டாம்.

உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடமும் பாஸ். ஆனாலும் கம்பஸுக்குப் புள்ளி எட்டவில்லை. அப்போது நானும் என் தோழி ஜசிந்தாவும் சேர்ந்து போட்ட விண்ணப்பம் இது. ரூபனின் சம்பந்தம் பேசி வருவதற்கு எவ்வளவோ முன்பு. அதன்பிறகு சத்தம் சந்தடி இல்லாததால் நான் மறந்தே போய், இங்கே புளியங்கூடல் முன்பள்ளியில் உதவி ரீச்சராகக் களிமண் உருட்டிக்கொண்டிருந்தேன். பட்டம் இல்லாமல் ரீச்சராவதற்கு இதுதான் நேர்வழி. இரண்டு வருடம் அங்கேயே தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி, முடிய நியமனம். மற்றதெல்லாம் சுற்றுவழி. ஜசிந்தா ஊர்காவற்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நியமனமில்லாத தொண்டராசிரியராக நிற்கிறாள். நிற்கிறாள், நிற்கிறாள், நின்றுகொண்டே இருக்கிறாள்.

அவளுக்குக் கடிதம் வரவில்லை. எப்படிச் சொல்வது?

தேவையான தகுதிகளில், திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. அம்மா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, நல்லகாலம் பதிவுக்காரரிடம் வைக்கிற எழுத்தை மட்டும் முடித்துக் கலியாணத்தை ஆவணியில் வைத்தோம் என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

மார்ச் 11, செவ்வாய்

ஜசிந்தாவுக்குச் சொல்லிவிட்டேன். நேர்முகப் பரீட்சைக்கு என்ன சேலை கட்டப் போகிறாய் என்று கேட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

ரூபன் வீட்டுக்காரர் வேலணையிலிருந்து வந்தார்கள். கலியாணத்தை இரண்டு வருடம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்க வேண்டுமே என்று அம்மா விடியக்காலையிலிருந்து குசினிக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் தேவைப்படவில்லை. மாமி பலகாரத்தைக் கடித்தபடி, "ரீச்சர் மருமகள் எண்டால் ரெண்டு வருசம் என்ன, நாலு வருசமும் இருக்கலாம்" என்றார். மண்டபத்துக்காரனோடு தானே கதைப்பதாகவும் சொன்னார். எனக்கு மாமியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. பழக்கமில்லாததால் இன்னும் இரண்டு வடை போட்டேன்.

ரூபனுக்குச் சபையில் கதை வராது. தோட்டமும் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினுமாய் இருக்கிற மனிதர், அந்த மெசினுக்கு மேல் சத்தம் போட்டுக் கதைத்துப் பழகி, சத்தமில்லாத இடத்தில் தடுமாறுவார். போகும்போது கேற்றடியில் நின்று கேட்டார்: "அங்க தங்கிற இடத்தில போன் பாவிக்க விடுவினமோ?"

தெரியாது என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. பாவமாக இருந்தாலும் எனக்கு நல்ல சந்தோசம்.

மார்ச் 18, செவ்வாய்

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

நேர்முகப் பரீட்சைக்கு, கிராம அலுவலரான விதானையாரின் உறுதிக்கடிதம் வேண்டும். இந்தப் பிரதேசத்தில் வசிக்கிறார், நன்னடத்தை உள்ளவர், திருமணமாகாதவர் என்று. காலையில் அப்பாவோடு போனேன். விதானையார் எங்களைக் கண்டதும் கதிரை இழுத்துப் போட்டார், விசயத்தைக் கேட்டதும் கைகொடுத்தார். எழுதத் தொடங்கினார். பிறகு பேனையை வைத்தார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் அப்பாவைப் பார்த்தார்.

"பிள்ளை, நான் இதை என்னெண்டு எழுதுறது? உம்மட எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைச்சதே நான்தானே."

நாங்கள்தான் கூப்பிட்டோம். ஊருக்குப் பெரிய மனிதர், அவர் சாட்சி வைத்தால் மரியாதை என்று அப்பாவே வீட்டுக்குப் போய் வெற்றிலை வைத்துக் கூப்பிட்டார். வந்தார், கையெழுத்து வைத்தார், றோல்ஸ் நல்லாயிருக்கிறதென்று இன்னுமொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சட்டப்படி எழுத்துத்தான் கலியாணமாம். தாலி, மேளம், பந்தல், ஐயர் எல்லாம் எங்கட ஆசைக்காம். விதானையார் இதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. ஏனென்றால் ஒரு நிமிடத்துக்கு முன் அவரும் மறந்துபோய்த்தான் எழுதத் தொடங்கினார்.

அப்பா வீடுவரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

மார்ச் 19, புதன்

விசராக்கிடக்கு. ஆரோட கோவிக்கிறது எண்டே தெரியேல்லை.

எழுத்து எண்டால் ஊரில ஆராவது கலியாணம் எண்டு சொல்லுவினமோ? எழுத்து முடிஞ்ச பெட்டை தாய்வீட்டிலதான் இருப்பாள். மாப்பிள்ளை கேற்றடியில நிண்டு கதைச்சிட்டுப் போவார். சேர்ந்து ஒரு படம் பார்க்கப் போறதெண்டாலும் துணைக்கு ஒரு ஆள் வரும். கேட்டால், "இன்னும் கலியாணம் முடியேல்லை" எண்டு சொல்லுவினம். அதே வாயால. இந்த ஊரில பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வரியை வாசிச்சும் மண்டைக்குள்ள ஓடேல்லை. அம்மாவுக்கு ஓடேல்லை. மாமிக்கு ஓடேல்லை. எல்லாரும் தலையாட்டினதுதான் மிச்சம்.

கனடாவில இருந்து ரூபன்ர மாமா வந்து நிக்கேக்க, எழுத்தையாவது கண்ணால பாத்திட்டுப் போறன் எண்டு கேட்டார். அதுக்காக ஐப்பசியில அவசரமா வைச்சது. பாத்தார். போட்டோ எடுத்தார். போயிட்டார்.

ரூபன் போன் அடித்தார். நான் எடுக்கவில்லை. திரும்ப அடித்தார். இந்த முறை எடுத்து, எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மார்ச் 22, சனி

அம்மா ஒரு திட்டத்தோடு எழும்பியிருக்கிறார். வேறு ஊரில் எங்களைத் தெரியாத ஒரு சமாதான நீதவானிடம் போய், திருமணமாகவில்லை என்று சத்தியக்கடதாசி எடுப்பதாம். தாலி கட்டவில்லைத்தானே, அது பொய்யில்லையாம். கடவுளுக்குத் தெரியுமாம்.

எனக்கு ஆசை வந்தது. எழுதத்தானே இந்தக் கொப்பி, ஆகவே எழுதுகிறேன். அம்மா சொல்லி முடிக்கும்வரை எழும்பிப் போகாமல் இருந்தேன். எந்த ஊர் என்றுகூடக் கேட்டேன்.

அப்பாதான் வேண்டாம் என்றார். படிப்புத் தொடங்கி ஒரு வருடம் போனபிறகு தெரியவந்தால் பிள்ளையைப் பெட்டியோடு வெளியே விடுவார்கள், அந்த இடமும் வீணாய்ப் போகும் என்றார். அம்மா அழுதார். அப்பா எழும்பிப் போய்க் கிணற்றடியில் ஏற்கனவே கழுவிய வாளியை இன்னொரு முறை கழுவினார்.

மார்ச் 23, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து ஜசிந்தா வந்தாள். கதையைக் கேட்டு முதலில் சிரித்தாள். கதிரையில் இருக்க முடியாமல் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் தலையணையால் அடித்தேன். பிறகு நானும் சிரித்து, பிறகு இரண்டு பேரும் அழுது, அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனார்.

"எங்கட ஆக்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லையடி. கோயிலுக்குள்ளயே தாலியும் கையெழுத்தும் ஒண்டா முடிஞ்சிடும். நீங்கள்தான் ஒரு கலியாணத்தை ரெண்டாப் பிச்சு வைச்சிருக்கிறியள்."

உண்மைதான். ஆனால் அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

நானும் ரூபனும் யாழ்ப்பாணம் போய் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தோம், இந்த முறை துணைக்கு ஆள் வேண்டுமென்று ஒருவரும் சொல்லவில்லை. ரூபனின் யோசனை. எழுத்தைக் கலைத்துவிட்டு, நான் படித்து முடித்தபிறகு திரும்ப எழுதலாமாம். பஸ்ஸில் கடல் நடுவே தாம்போதியால் போகும்போது இதைச் சொன்னார், ஏதோ வெங்காயம் அழுகிவிட்டது, அடுத்த போகத்துக்கு வேறு நடலாம் என்பதுபோல. நான் ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சட்டத்தரணி நல்ல மனுசி. பொறுமையாகச் சொன்னார்: நினைத்தவுடன் கலைக்க முடியாது, வழக்குப் போட வேண்டும், ஒருவர் மற்றவரில் குற்றம் சொல்ல வேண்டும். விட்டுவிட்டுப் போனார், அல்லது வேறு தொடர்பு வைத்திருந்தார், இப்படி ஏதாவது. உங்களில் யார் குற்றவாளி என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் ரூபன். "நான் இவவை விட்டிட்டுப் போனனான் எண்டு எழுதுங்கோ."

அப்படிச் சொல்லும்போது அவர் கையில் என் குடை. மடியில் என் கைப்பை. வெயிலில் தலையிடிக்கும் என்று வாங்கிய சோடாப் போத்தல் காலடியில். சட்டத்தரணி அதையெல்லாம் பார்த்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

வழக்கு எப்படிப் போனாலும் அடுத்த கிழமைக்குள் முடியாது, அடுத்த தடவை விண்ணப்பிப்பதற்குள் என் வயது எல்லை தாண்டிவிடும். அதற்காக ஒரு நல்ல பிள்ளையின் பெயரைக் கெடுக்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

பஸ் நிலையத்தில் நான் ரூபனுடன் சண்டை பிடித்தேன். சனம் பார்த்தது. என்னைக் கேட்காமல் எப்படி நீங்கள் என்னை விட்டுப்போனதாகச் சொல்லலாம்? வேலணையில் அந்தப் பெயரோடு எப்படி இருப்பீர்கள்? தோட்டத்துக்கு உழவு கேட்டு யார் வருவார்கள்? கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில் சொன்னார்:

"நீர் ரீச்சராக வேணும் எண்டுதானே முதல்முதல் கண்ட நாளே சொன்னனீர். நான் அதுக்கு ஓம் எண்டனான். கையெழுத்து வைச்சது அதுக்குப் பிறகுதான்."

அதற்குமேல் எனக்குச் சண்டை வரவில்லை. இந்த மனிதர் இல்லாமல் எனக்கு இனி ஏலாது. இதை எழுதுவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

போனேன். போக வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை, சேலையை அழுத்தித் தந்தார். என் வாயால் ஒருமுறை கேட்டுப் பார்க்காமல் விட்டால் வயதுபோன காலத்திலும் மனம் அரித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

மூன்று பேர் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லச் சொன்னார்கள். பனங்கிழங்கு கிண்டப்போன எலியின் கதையைச் சொன்னேன், முன்பள்ளியில் நானாக இட்டுக்கட்டியது. எலி கிழங்கை இழுக்கும் இடத்தில் நானும் இழுத்தேன். நடுவில் இருந்த பெண் சிரித்தார். எனக்குள் ஏதோ பறந்தது. ஒரு நிமிடம், இந்த ஊர், எழுத்து, விதானையார் எல்லாம் மறந்து, கிடைத்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

பிறகு விதானையாரின் கடிதத்தைக் கேட்டார்கள். அவர் எழுதித் தந்திருந்தது வசிப்பிடமும் நன்னடத்தையும் மட்டும். மற்றதை நான் சொன்னேன். எழுத்து முடிந்தது, கலியாணம் முடியவில்லை, வீட்டில்தான் இருக்கிறேன், இரண்டு வருடம் தள்ளிப்போட எல்லோருக்கும் சம்மதம். அங்கே இருந்த மூன்று பேரும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். எழுத்தென்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எங்களுக்கு விளங்குது, பிள்ளை. ஆனா விதியில அதுக்கு இடமில்லை," என்றார் அந்தப் பெண். கரையில் இருந்தவர் என் சான்றிதழ்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பித் தந்தார்.

வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு பஸ் ஏறினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. தலைக்கு மருத்துநீர், புதுச்சட்டை, கைவிசேடக் காசு. மாமி மண்டபத்தைத் திரும்பவும் ஆவணிக்கே எடுத்துவிட்டாராம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தலையைத் தடவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

மே 10, சனி

ஒரு மாதமாக வீட்டில் என்னுடைய எதிர்காலம்தான் கறி. ஆளுக்கொரு கரண்டியால் கிளறுகிறார்கள்.

ரூபன் விசாரித்துக்கொண்டு வந்தது: யாழ்ப்பாணத்தில் ஆங்கில டிப்ளோமா. தினமும் பஸ்ஸில் போய் வரலாம், கலியாணம் முடித்திருந்தாலும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், முடித்தவர்களைச் சிலவேளை ஆங்கில ஆசிரியராக எடுப்பார்கள். என் ஆங்கிலத்தைக் கேட்டால் அவர்களே கும்பிட்டு வழியனுப்புவார்கள். அம்மா சொல்வது: ஜசிந்தாவைப் போலத் தொண்டராசிரியராக நில். ஒருநாள் அரசாங்கம் எல்லோரையும் நிரந்தரமாக்கும். எந்த நாள் என்று அம்மாவுக்கும் தெரியாது, அரசாங்கத்துக்கும் தெரியாது.

மூன்றாவது மேரிசுகந்தி ரீச்சர். எங்கள் முன்பள்ளியின் பொறுப்பாசிரியர். சந்தோசமாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. நேற்று, பிள்ளைகளோடு நிலத்தில் இருந்தவர் எழும்ப முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சனி ஞாயிறு போய் அந்த முன்பள்ளி டிப்ளோமாவைச் செய்யும். செய்தால் இதைப் பொறுப்பெடுக்கலாம். நான் வீட்டை போய்க் காலை நீட்ட வேணும்."

அம்மாவிடம் சொன்னேன். பிள்ளை பராமரிக்கிற வேலைக்கு என்ன டிப்ளோமா என்று கேட்டார். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிட்டது. பராமரிக்கிற வேலையா? தை மாதம் சேர்ந்த ஜொய்சி, தாயின் சேலையை விடாமல் வாசலில் நின்ற பிள்ளை, பங்குனி வரைக்கும் வாயே திறக்காதது, போன கிழமை என் எலிக் கதையில் நான் ஒரு இடத்தை விட்டுவிட்டேன் என்று எழும்பி நின்று சண்டை பிடித்தது. அது தானாக வந்ததா? நான் கத்திய கத்தில் அம்மா உருளைக்கிழங்கைக் கீழே போட்டுவிட்டார்.

கத்தி முடித்தபிறகுதான் தெரிந்தது, நான் எந்த வழியென்று முடிவெடுத்துவிட்டேன். அங்கே நிரந்தர நியமனம் இல்லை, பென்சன் இல்லை, தருவதைச் சம்பளம் என்று சொல்ல வெட்கம். எல்லாம் தெரியும். ஆனால் எனக்கு வேண்டியது சின்னப் பிள்ளைகள். அவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ரூபனிடம் சொன்னேன். சனிக்கிழமைகளில் எத்தனை மணிக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

ஜசிந்தாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். காத்திருப்போர் பட்டியலில் இருந்தாளாம். அதே கல்லூரி, அதே ஆரம்பக் கல்வி.

என் இடம்.

போனில் சந்தோசமாகத்தான் கதைத்தேன். வைத்தபிறகு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று இந்தக் கொப்பியிலும் பொய் எழுத வேண்டுமா? நான் விட்டுக்கொடுத்ததால் அவளுக்குக் கிடைத்தது என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்கிறார். நான் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டார்கள், சொன்னேன், அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஜூன் 29, ஞாயிறு

ஜசிந்தாவை வழியனுப்பினோம். மெத்தை, வாளி, பெரிய சூட்கேஸ், அரிசிமா, மிளகாய்த்தூள், தகப்பன் பத்திநாதர் கடலால் கொண்டுவந்து காயவைத்த கருவாட்டுப் பொதி. ஓட்டோவில் ஏறாது. ரூபன் லான்ட்மாஸ்ரரைக் கொண்டுவந்தார். அதன் பின்பெட்டியில் மெத்தையை விரித்து அதன்மேல் இரண்டு பேரும் இருந்தோம். ஊர்காவற்துறைத் தெருவில் சனம் வாசலுக்கு வந்து பார்த்தது. கருவாடு வேண்டாம் என்று அவள் சொல்ல, அது போகாவிட்டால் நீயும் போகத் தேவையில்லை என்று தகப்பன் சொல்ல, அது போகிறது.

பஸ்ஸடியில் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ர இடத்துக்குத்தான் போறன்" என்று தொடங்கினாள்.

"விசர்க்கதை கதைக்காத. கெதியா ஏறு," என்றேன். இத்தனை நாளாக எரிந்தது எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் சேலை மடிப்பு ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஊசி எடுத்துக் குத்திவிட்டேன். பஸ் போனபிறகும் ரூபன் மெசினை ஸ்ராட் பண்ணாமல் நின்றார். நான் அழுது முடிக்கட்டும் என்று.

செப்டெம்பர் 4, வியாழன்

கலியாணம் முடிந்தது. முழுதாக.

விதானையாரும் வந்தார். இன்னுமொரு கையெழுத்து வைக்கிறீர்களா என்று ரூபன் கேட்டார். மனிதர் பந்திப் பக்கம் ஓடியே போய்விட்டார்.

செப்டெம்பர் 15, திங்கள்

லீவு முடிந்து இன்றுதான் முன்பள்ளிக்குப் போனேன். வேலணையிலிருந்து முதல்நாள். ரூபன் கொண்டுவந்து விட்டார்.

வாசலில் இரண்டு தாய்மார் நின்றார்கள். என்னைக் கண்டதும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கு முன்பிருந்த இரண்டு உதவி ரீச்சர்மாரும் கலியாணத்தோடு வேலையை விட்டவர்கள். புதிதாக யார் வரப்போவது என்று மேரிசுகந்தி ரீச்சரிடம் ஏற்கனவே கேட்டுவிட்டார்களாம்.

ஜொய்சி உள்ளே வரவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் படியில் இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன்.

"கலியாணம் முடிஞ்ச ரீச்சர்மார் வரமாட்டினமாம். அம்மா சொன்னவா."

"நான் வந்திட்டனெல்லோ."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வருவன்."

"அதுக்கடுத்த நாள்?"

"அதுக்கடுத்த நாளும்."

சப்பாத்தைக் கழற்றிவிடச் சொல்லிக் காலை நீட்டினாள்.

பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகள் போனபிறகு மேரிசுகந்தி ரீச்சரைத் தேடினேன். ஆள் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் முன்னதாகவே வீட்டுக்குப் போய்விட்டார். இதுவரை அவர் கையைவிட்டுப் போகாத சாவிக்கோர்வை என் மேசையில் இருந்தது. ஜன்னல்களைச் சாத்தி, களிமண்ணுக்கு ஈரத்துணி போட்டு, கதவைப் பூட்டினேன். கதவு கொஞ்சம் இறுக்கம். தோளால் தள்ளிப் பிடித்தால்தான் சாவி திரும்பும்.